கண்ணுக்குத் தெரியாத பெட்டியும் ஒரு மெமோவும்

டிஸ்கி: இது டெக்னிக்கல் பதிவு மாதிரி ஆரம்பித்து அக்கவுண்டன்சியில் போய் முடியும். இரண்டுமே பிடிக்காதவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம் :-)

பி.காம் படிக்கிற பையனுக்கு சர்வர் ரூமில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியாது. முதல் வருடம் லேபில் பிரிண்டர் சரி செய்யப் போனவன் அப்படியே அங்கேயே ஒட்டிக்கொண்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்த சீனியர் அண்ணா ஒருவர் இருந்தார். அவர் ஆணி அடிப்பார், நான் சுத்தியல் எடுத்துக் கொடுப்பேன். அதுதான் எங்கள் கூட்டணி.

2023 டிசம்பர் செமஸ்டர் லீவில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பெரிய வேலை செய்தோம். கல்லூரியின் வைஃபை கன்ட்ரோலர் பெட்டி புகைந்து போயிருந்தது. புதுப் பெட்டி வாங்க லட்சக்கணக்கில் கொட்டேஷன் வந்தது. நிர்வாகம் வழக்கம் போல "பார்க்கலாம்" என்றது. அண்ணா சொன்னார், "பெட்டி எதுக்குடா? அதே கன்ட்ரோலர் சாஃப்ட்வேராவும் வருது. நம்ம பழைய சர்வர்ல விர்ச்சுவல் மெஷினா போட்டுடலாம்." போட்டோம். ஒரே மதியம். செலவு இரண்டு டீ, நான்கு சமோசா. பிரின்ஸிபால் அண்ணாவின் தோளில் தட்டிக் கொடுத்தார். என் தோளிலும் லேசாகப் பட்டது.

அந்தச் சமோசாவுக்கான பில் 2025 மார்ச்சில் வந்தது. கட்டியது நாங்கள் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில், தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த மூன்று பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கல்லூரியில் கூரைக்குக் கூரை வெள்ளைத் தட்டு மாதிரி ஒட்டியிருக்கிறதே, அதுதான் அக்சஸ் பாயிண்ட். எங்களிடம் இருபத்திரண்டு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போய் பாஸ்வேர்டு, சேனல் எல்லாம் அமைத்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லாவற்றுக்கும் ஒரு தலைமை அலுவலகம். அதுதான் கன்ட்ரோலர். கிளைகள் தலைமை அலுவலகத்தோடு பேசுவதற்குக் கேப்வாப் என்று ஒரு நெறிமுறை உண்டு. 2009-ல் தரப்படுத்தப்பட்டது. உத்தரவுகள் போக யூடிபி 5246, சரக்கு போக 5247 என்று இரண்டு வாசல்.

ஹைப்பர்வைசர் என்பது ஒரு சர்வரைப் பல சர்வர்களாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கட்டடம், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மின் இணைப்பு. ஆனால் ஒவ்வொரு அறையில் இருப்பவரும் தனிக் குடித்தனம் நடத்துவதாக நினைத்துக்கொள்வார். அந்த அறைகள்தான் விர்ச்சுவல் மெஷின்கள். மேன்ஷன் மேனேஜர்தான் ஹைப்பர்வைசர். விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ, லினக்ஸோடு வரும் கேவிஎம், மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி எல்லாம் இந்த ரகம்.

அப்ளையன்ஸ் என்றால் ரெடிமேட் குடித்தனக்காரர். சிஸ்கோவின் 9800-சிஎல் போன்றவை ஓவிஏ என்ற ஒரே கோப்பாக வரும். சாம்பார் பொடி பாக்கெட் மாதிரி. ஹைப்பர்வைசரில் ஏற்றி, சின்னதா, நடுத்தரமா, பெரியதா என்று அளவைத் தேர்ந்தெடுத்து, எந்த நெட்வொர்க்கோடு சேர்க்க வேண்டும் என்று காட்டினால் போதும். அதன் சின்ன அளவு நான்கு பிராசஸர், 8 ஜிபி நினைவகம், 16 ஜிபி வட்டு மட்டுமே கேட்கும். அதை வைத்துக்கொண்டே 1000 அக்சஸ் பாயிண்ட் வரை மேய்க்கும். எங்கள் பழைய சர்வரே அதற்கு அரண்மனை.

நாங்கள் போட்டது எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. தப்பு கம்பெனி மேல் இல்லை, எங்கள் மேல்.

சரி, மார்ச் மாதக் கதைக்கு வருகிறேன். எங்களுக்கு டாலி பிராக்டிகல் இன்டர்னல். காலை 9.30-க்கு ஆரம்பம். லேபில் இருப்பது எல்லாம் லேப்டாப், எல்லாமே வைஃபை. 8.40-க்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் வருவதற்குள் யுபிஎஸ் கையை விரித்தது. சர்வர் அணைந்து, பிறகு கரண்ட் வந்ததும் தானாக எழுந்தது. ஆனால் மேன்ஷன் திறந்ததே தவிர, உள்ளே ஒரு குடித்தனக்காரரும் எழவில்லை. இஎஸ்எக்ஸ்ஐ-யில் "சர்வர் எழுந்ததும் இந்த விர்ச்சுவல் மெஷின்களையும் எழுப்பு" என்று நாமாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் எழுப்பாது. நாங்கள் சொல்லவில்லை. பழைய பெட்டியாக இருந்திருந்தால் கரண்ட் வந்ததும் அதுபாட்டுக்கு எழுந்திருக்கும். அதற்கு யாரும் எதுவும் சொல்லத் தேவையில்லை.

தலைமை அலுவலகம் தூங்கியதால் இருபத்திரண்டு கிளைகளும் கடையை மூடிவிட்டன. லேப் அசிஸ்டென்ட் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் 2024-ல்தான் வேலைக்குச் சேர்ந்தார், கான்ட்ராக்டில். "வைஃபை கன்ட்ரோலர் எங்கே?" என்று தேடியிருக்கிறார். சர்வர் ரூமில் அப்படி ஒரு பெட்டியே இல்லை. இல்லாத பெட்டியை அவர் எங்கே போய்த் தேடுவார்? பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர். அண்ணா படிப்பு முடித்து பெங்களூரில் வேலையில். இன்னொருவன் பரீட்சை ஹாலில் உட்கார்ந்து, ஃபோனை வெளியே பையில் வைத்துவிட்டு, "ஏன்டா இன்னும் ஆரம்பிக்கல" என்று பக்கத்து சீட்டில் கேட்டுக்கொண்டிருந்தான். அவ்வ்வ்...

ஒரு மணி நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. ஓடினேன். கேபிள் சொருகி, கன்ட்ரோலரை எழுப்பினேன். அப்போதும் ஒரு அக்சஸ் பாயிண்ட்கூட வந்து சேரவில்லை. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் தேதியைப் பார்த்தேன். பழைய சர்வரில் மதர்போர்டு பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. கரண்ட் போனதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விட்டது. விர்ச்சுவல் மெஷின் எழும்போது நேரத்தை மேன்ஷன் மேனேஜரிடம்தான் கேட்கும். மேனேஜர் தப்பாகச் சொன்னார், இதுவும் நம்பிவிட்டது. கன்ட்ரோலரும் அக்சஸ் பாயிண்டும் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்றிதழ் காட்டிக்கொள்ளும். அந்தச் சான்றிதழில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று இருக்கும். கன்ட்ரோலரின் கணக்குப்படி அந்தச் சான்றிதழ்கள் இன்னும் பிறக்கவே இல்லை. பிறக்காதவரை யார் உள்ளே விடுவார்?

தேதியைச் சரி செய்ததும் பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் பரீட்சை போனது போனதுதான். சனிக்கிழமை மதியத்துக்குத் தள்ளி வைத்தார்கள். இரண்டு பஸ் மாறி வருகிற பசங்க எல்லாம் திட்டித் தீர்த்தார்கள்.

மறுநாள் ஒரு மெமோ போனது. யாருக்கு? எனக்கு இல்லை, அண்ணாவுக்கு இல்லை, யுபிஎஸ் பேட்டரி மாற்றும் ஃபைலை ஒரு வருடமாகக் கிடப்பில் போட்டவருக்கும் இல்லை. "நெட்வொர்க் பராமரிப்பில் அலட்சியம்" என்று லேப் அசிஸ்டென்ட் அக்காவுக்கு.

இங்கேதான் என் சப்ஜெக்ட் வருகிறது.

மூன்றாவது செமஸ்டரில் அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு படித்தபோது ஏஎஸ் 26 தூக்கம் வரவழைக்கும் பாடமாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் பற்றியது. அதில் ஒரு விஷயம்: ஒரு கருவி எந்த மென்பொருள் இல்லாமல் இயங்காதோ, அந்த மென்பொருள் கருவியோடு சேர்ந்த சொத்து. அப்படி இல்லாத மென்பொருள் தனியாக, தொட்டுணர முடியாத சொத்து. நம் கன்ட்ரோலருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். பெட்டியாக இருந்தவரை அது ஒரு தொட்டுணரும் சொத்து. முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி, நம்பர் போட்டு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏற்றி, வருடா வருடம் ஒருவர் பேனாவோடு வந்து "இருக்கா?" என்று டிக் அடிப்பார். அதே கன்ட்ரோலர் மென்பொருளாக மாறியதும் வேறு பக்கத்துக்குப் போக வேண்டும்.

எங்கள் கேஸில் எந்தப் பக்கத்துக்கும் போகவில்லை. ஏனென்றால் விலை கொடுக்கவில்லை. பில் இல்லை, வவுச்சர் இல்லை, என்ட்ரி இல்லை. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை எங்கள் கல்லூரியில் கன்ட்ரோலர் என்று ஒன்றே கிடையாது. கண்ணுக்கும் தெரியவில்லை, புத்தகத்திலும் தெரியவில்லை. ஆனால் ஆயிரம் பேர் அதன் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

"நம்ம காலேஜ் டிரஸ்ட்தானே, கம்பெனி சட்டம் எல்லாம் எதுக்கு" என்பீர்கள். வாஸ்தவம். ஆனாலும் கம்பெனிகளுக்கு என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சிஏஆர்ஓ 2020 என்ற ஆடிட்டர் அறிக்கை ஆணை, நிலம், மெஷின் இவற்றுக்கு மட்டுமல்லாமல் தொட்டுணர முடியாத சொத்துகளுக்கும் முழு விவரங்களோடு பதிவேடு வைத்திருக்கிறார்களா என்று ஆடிட்டர் சொல்ல வேண்டும் என்கிறது. முந்தைய 2016 ஆணையில் இந்த வரி இல்லை. கண்ணுக்குத் தெரியாததுதான் முதலில் மறந்து போகும் என்பது அரசாங்கத்துக்கே புரிந்திருக்கிறது.

என் கருத்து இதுதான். பெட்டியை விர்ச்சுவலாக மாற்றும்போது மறைவது இரும்புத் தகரம் மட்டும்தான். பொறுப்பு மறைவதில்லை. ஆனால் அது யாருடையது என்பது மறைந்துவிடுகிறது. அப்படிச் சொந்தக்காரர் இல்லாமல் கிடக்கும் பொறுப்பு, பிரச்சினை வரும் நாளில், அங்கே இருப்பவர்களிலேயே பலவீனமானவர் தலையில் விழும். எங்கள் கல்லூரியில் அது கான்ட்ராக்ட் அக்கா. உங்கள் ஆபீசில் அது வேறு யாராவதாக இருக்கும்.

"அப்போ பெட்டியே வாங்கியிருக்கலாமே" என்று சிலர் சொல்வார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. பெட்டியும் புகைந்ததால்தானே நாங்கள் இங்கே வந்தோம்? ஒரே ஒரு பெட்டி புகைந்தால் புதுசு வரும்வரை விரல் சூப்ப வேண்டியதுதான். விர்ச்சுவல் கன்ட்ரோலரின் அமைப்புகளை ஒரு கோப்பாக வெளியே எடுத்து வைத்திருந்தால், இன்னொரு சர்வரில் ஒரு மணி நேரத்தில் எழுப்பிவிடலாம். காசு இல்லாத கல்லூரிக்கு இது வரப்பிரசாதம். ஆனால் "எடுத்து வைத்திருந்தால்" என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

எங்கள் இரண்டு பேரின் திருவிளையாடல்களை இப்போது பட்டியல் போடுகிறேன். நீங்கள் செய்யாதீர்கள்.

ஒன்று. விர்ச்சுவல் சுவிட்ச். மேன்ஷனில் அறைக்குப் பதிவான பெயருக்கு வரும் கடிதம்தான் அந்த அறைக்குப் போகும். விர்ச்சுவல் சுவிட்சும் அப்படித்தான். சாதாரண சுவிட்ச் மாதிரி யார் எங்கே இருக்கிறார்கள் என்று தானாகக் கற்றுக்கொள்ளாது. ஆனால் கன்ட்ரோலர் வழியாக நூற்றுக்கணக்கான மாணவர்களின் போக்குவரத்து நடக்கும். எல்லாக் கடிதமும் "கேர் ஆஃப் கன்ட்ரோலர்". அதற்காகத்தான் ப்ராமிஸ்குவஸ் மோடு, ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட் என்ற இரண்டு அனுமதிகளைத் திறந்துவிடச் சொல்கிறார்கள். நாங்கள் அதை முழு சுவிட்சுக்கும் திறந்துவிட்டோம். அதே சுவிட்சில்தான் ஃபீஸ் சர்வரும் இருந்தது! ஒருவர் கடிதத்தை எல்லாரும் படிக்கலாம் என்று மேன்ஷன் வாசலில் போர்டு மாட்டிய மாதிரி. கன்ட்ரோலருக்கென்று தனியாக ஒரு போர்ட் குரூப் வைத்து, அதற்கு மட்டும் திறந்திருக்க வேண்டும். இப்போது மாற்றிவிட்டோம்.

இரண்டு. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது. கன்ட்ரோலரை எழுப்ப வேண்டுமானால் ஹைப்பர்வைசருக்குள் போக வேண்டும். ஹைப்பர்வைசருக்குள் போக நெட்வொர்க் வேண்டும். நெட்வொர்க் வேண்டுமானால் கன்ட்ரோலர் எழ வேண்டும். லேபில் எல்லாமே வைஃபை லேப்டாப் என்றால் கதை முடிந்தது. இது எங்களைப் போன்ற கத்துக்குட்டிகளுக்கு மட்டும் நடப்பதில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸப், இன்ஸ்டாகிராம் மூன்றும் ஆறு மணி நேரம் போல முடங்கியது நினைவிருக்கும். அதைச் சரி செய்ய அவர்கள் பயன்படுத்தும் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பித்தான் இருந்தன. அவ்வளவு பெரிய ஆட்களுக்கே அப்படி என்றால்... ஒரு கேபிளும், கேபிள் சொருகும் வசதி உள்ள ஒரு லேப்டாப்பும் சர்வர் ரூமிலேயே இருக்கட்டும்.

மூன்று. இரண்டு கன்ட்ரோலர் போட்டால் பாதுகாப்பு என்று இரண்டையும் ஒரே சர்வரில் போடுவது. செய்ய நினைத்தோம், நல்லவேளை சோம்பேறித்தனம் காப்பாற்றியது. மேன்ஷனே இடிந்தால் இரண்டு அறையும்தான் போகும். ஒரு சர்வர்தான் இருக்கிறது என்றால், கன்ட்ரோலர் செத்தாலும் வேலை செய்கிற மாதிரி அக்சஸ் பாயிண்ட்களை அமைப்பது புத்திசாலித்தனம். சிஸ்கோவில் இதற்கு ஃப்ளெக்ஸ்கனெக்ட் என்று பெயர். உள்ளூர்ப் போக்குவரத்து தலைமை அலுவலகத்துக்குப் போகாமல் கிளையிலேயே முடிந்துவிடும். யுபிக்விட்டியின் யூனிஃபை அக்சஸ் பாயிண்ட்களும், விருந்தினர் போர்ட்டல் போன்ற சில வசதிகள் தவிர, கன்ட்ரோலர் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் எல்லாமே தலைமை வழியாகத்தான் போக வேண்டும் என்று வைத்திருந்தோம். அதனால்தான் மொத்தமும் படுத்தது.

நான்கு. ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவது. ஸ்னாப்ஷாட் அதே வட்டில்தான் உட்கார்ந்திருக்கும், நாளாக நாளாக வீங்கும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. எங்களுடையது பதினைந்து மாதம் :-(

ஐந்து. ஓசி. இது காமர்ஸ்காரனாக நான் கோட்டை விட்ட இடம். இலவச இஎஸ்எக்ஸ்ஐ-யில் பேக்கப் மென்பொருள்கள் வேலை செய்வதற்கான கதவு பூட்டியிருக்கும். காசு கொடுத்தவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சாவி. அதைவிட முக்கியமாக, ஓசி எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம். 2023 நவம்பர் 22-ல் பிராட்காம் விஎம்வேரை வாங்கி முடித்தது. டிசம்பரில், ஒரு தடவை வாங்கி ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் விற்பனையை நிறுத்தி, எல்லாவற்றையும் சந்தாவாக்கினார்கள். அதே டிசம்பரில்தான் நாங்கள் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்! 2024 பிப்ரவரியில் இலவசப் பதிப்பும் நின்றது. 2025 ஏப்ரலில் திரும்பக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள், எடுத்தார்கள், கொடுத்தார்கள். இடையில் நம் கையில் இருந்தது என்ன? சொந்த வீடா, வாடகை வீடா என்றே தெரியாமல் குடியிருந்திருக்கிறோம்.

அப்டேட்டையும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐ ஆர்க்ஸ் என்ற பணம் பறிக்கும் வைரஸ் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான சர்வர்களைப் பூட்டியது. அதில் பெரும்பாலும் நுழைந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே தீர்வு வெளியாகியிருந்தது. இரண்டு வருடம்! "அது ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்று விட்டதால் வந்த வினை. புத்தகத்தில் இல்லாத சொத்துக்கு யார் அப்டேட் போடுவார்?

இதற்கெல்லாம் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு ஏ4 தாள் போதும். விலை பூஜ்யமாக இருந்தாலும் பரவாயில்லை, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஒரு வரி ஏற்றுங்கள். பெயர் என்ன, எந்தச் சர்வருக்குள் இருக்கிறது, எந்த வரிசையில் எழ வேண்டும், நேரத்தை யாரிடம் கேட்கிறது, பாஸ்வேர்டு உறை யாருடைய பீரோவில் இருக்கிறது, பேக்கப் எங்கே, கடைசியாக அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது எப்போது, லைசென்ஸ் எப்போது முடிகிறது. கடைசி வரி மிக முக்கியம்: இதற்குப் பொறுப்பு யார். அந்த இடத்தில் சம்பளம் வாங்கும் நிரந்தர ஊழியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். மாணவன் போடக்கூடாது. மாணவன் மூன்று வருடத்தில் போய்விடுவான். அவனோடு பாஸ்வேர்டும் போய்விடும்.

மெமோ விஷயமாக நான் துறைத்தலைவரிடம் போனேன். "சார், அதை செட்டப் பண்ணது நாங்கதான். அக்கா அப்போ வேலைக்கே சேரல" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, "நீ ஏம்ப்பா இதுக்குள்ள வர்ற? போய்ப் படி" என்றார். எழுதியும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார். இன்று வரை அந்த மெமோ அக்காவின் ஃபைலில்தான் இருக்கிறது. கான்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது யாராவது அந்த ஃபைலைத் திறப்பார்கள். அப்போது என் கடிதமும் அதில் இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

ஏ4 தாளை மட்டும் நானே அடித்து சர்வர் ரேக்கில் ஒட்டினேன். அக்கா மேலிருந்து கீழ் வரை நிதானமாகப் படித்தார். பிறகு சொன்னார், "இவ்வளவுதானா தம்பி? இதை அன்னைக்கே எழுதி ஒட்டியிருக்கலாமே."

பொறுப்பு யார் என்ற வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. மூன்று தடவை கேட்டுவிட்டேன். நாலாவது தடவையும் கேட்பேன்.

பி.கு: உங்கள் கல்லூரியிலோ ஆபீசிலோ இப்படிப் "பெட்டி இல்லாத பெட்டி" ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், நாளைக்கே போய் ஒரு கேள்வி கேளுங்கள்: "கரண்ட் போய் வந்தா இது தானா எழுமா?" பதில் சொல்பவர் யோசித்தால், எழாது.